மை மறுக்கும் இடம்

ஒரே தகடு. அதன்மேல் மூன்று நிற மைகள், ஒன்று காயும்முன் மற்றொன்று என ஏற்றப்படுகின்றன. மூன்றும் குழம்பிச் சேற்று நிறமாகிவிடும் என்றுதான் யாரும் எதிர்பார்ப்போம். ஈரத்தாளை மேலே விரித்து, கம்பளி போர்த்தி, அழுத்துபொறியில் ஒரே ஒரு முறை ஓட்டித் தாளை உரித்தெடுத்தால், நீலம் நீலமாகவே நிற்கிறது. அதன் அடியில் மஞ்சள் மஞ்சளாகவே மினுங்குகிறது. இரண்டுக்கும் நடுவில், மயிரிழை போன்ற பள்ளங்களில், கறுப்பு தன் கோட்டை விட்டு அசையவில்லை. கிருஷ்ணா ரெட்டியின் அச்சோவியங்களுக்கு முன்னால் நிற்கும்போது முதலில் என்னைப் பிடித்து நிறுத்துவது இந்தச் சுத்தம்தான். இத்தனை நிறங்களை இவ்வளவு நெருக்கத்தில் குடிவைத்து, ஒன்றையொன்று தீண்டாமல் காத்தது யார் என்று கண் தேடுகிறது. எந்தக் கையும் அதைச் செய்யவில்லை. மையே மையை மறுத்திருக்கிறது.

இதன் அருமை தெரிய வேண்டுமானால், அதற்கு முன்பு வண்ண அச்சு எப்படி நடந்தது என்று பார்க்க வேண்டும். நிறத்துக்கு ஒரு கட்டை, நிறத்துக்கு ஒரு கல், நிறத்துக்கு ஒரு தகடு. ஜப்பானிய மரச்செதுக்கு ஓவியர்களும் அப்படித்தான் அச்சிட்டார்கள். நம் வீட்டுச் சுவர்களுக்கு லட்சுமியையும் சரஸ்வதியையும் கொண்டுவந்த ரவிவர்மாவின் கல்லச்சும் அப்படித்தான். ஒவ்வொரு நிறமும் தனித்தனியாக வந்து தாளில் இறங்கும். தாள் ஒரு நூலளவு நகர்ந்தாலும் போயிற்று. சிவகாசிக் காலண்டர்களில் முருகனின் உதட்டுச் சிவப்பு உதட்டை விட்டு விலகிக் கன்னத்தில் நிற்பதை நாம் பார்த்திருக்கிறோம். அந்த முறையில் நிறம் வெளியிலிருந்து வருவது. கோடு வரைந்து முடிந்தபின், அதன்மேல் கொண்டுவந்து சார்த்தப்படுவது. ரெட்டியின் படங்களில் நிறம் தகட்டின் உடம்பிலிருந்தே கிளம்புகிறது.

அவர் 1925இல் சித்தூருக்கு அருகே நந்தனூரில் பிறந்தார். சித்தூர் அப்போது சென்னை மாகாணத்தில் இருந்தது. சாந்திநிகேதனில் நந்தலால் போஸிடம் படித்தார். 1947 தொட்டுச் சில ஆண்டுகள் சென்னையில் கலாக்ஷேத்ராவின் ஓவியப் பிரிவுக்குத் தலைமை தாங்கினார். பிறகு லண்டன் ஸ்லேட் பள்ளியில் ஹென்றி மூரிடம் சிற்பம், பாரிஸில் ஓசிப் சாட்கினிடம் சிற்பம், பின்னாளில் மிலானில் மரினோ மரினியிடம் மீண்டும் சிற்பம். இந்த வரிசையைக் கவனிக்க வேண்டும். அச்சு மேசைக்கு வந்தவர் ஒரு சிற்பி. கல்லைத் தொட்டுப் பழகிய விரல்களோடு வந்தவர் துத்தநாகத் தகட்டைப் பார்த்தால் அவருக்கு அது வரைவதற்கான பரப்பாகத் தெரிந்திருக்காது. குடைவதற்கான திண்மமாகத்தான் தெரிந்திருக்கும். பின்னால் நிகழ்ந்தது எல்லாம் இந்தப் பார்வையிலிருந்து வளர்ந்தது என்பது என் எண்ணம்.

அவர் வந்து சேர்ந்த இடமும் அதற்கு ஏற்றதாக அமைந்தது. ஸ்டான்லி வில்லியம் ஹேய்ட்டர் என்ற ஆங்கிலேயர் 1927இல் பாரிஸில் தொடங்கிய பட்டறை அது. வேதியியலும் நிலவியலும் படித்து, ஈரானின் அபாதானில் எண்ணெய் நிறுவனத்தில் வேலை பார்த்து, பிறகு ஓவியத்துக்குத் திரும்பியவர் ஹேய்ட்டர். 1933இல் காம்பாஞ் பிரமியேர் தெருவின் 17ஆம் எண் கட்டடத்துக்குப் பட்டறை இடம் மாறியது. 'அத்லியே 17' என்ற பெயர் அந்தக் கதவிலக்கத்திலிருந்து வந்தது. போர் வந்ததும் 1940இல் நியூயார்க்குக்குப் போய், 1950இல் பாரிஸுக்குத் திரும்பியது. அங்கே வரைந்து முடித்த படத்தை அச்சுக்காரரிடம் கொடுத்துவிட்டுப் போகும் வழக்கம் இல்லை. புகழ்பெற்றவரும் புதிதாய் வந்தவரும் அதே மேசையில், அதே அமிலத் தொட்டியில், தகட்டோடு மல்லுக்கு நின்றார்கள். ஒருவர் கண்டது அடுத்த மேசைக்கு உடனே போய்விடும். வேதியியல் படித்த ஒருவர் நடுவில் இருந்ததால், தற்செயலாக நேர்ந்ததை 'ஏன்' என்று கேட்டு மறுபடி நிகழ்த்திப் பார்க்கும் பழக்கம் அங்கே இருந்தது.

ஒரே ஓட்டத்தில் பல நிறம் என்ற ஆசை ஹேய்ட்டருக்கு ஏற்கெனவே இருந்தது. 1946இல் 'ஐந்து உருவங்கள்' என்ற பெரிய தகட்டில் அதைச் சாதித்தும் காட்டினார். பள்ளங்களில் கறுப்பு மையை நிரப்பிவிட்டு, மேற்பரப்பில் பட்டுத்திரை வழியாக மூன்று நிறங்களைப் படியவைத்து, எல்லாவற்றையும் ஒன்றாக அழுத்தி எடுத்தார். அழகான படம். ஆனாலும் பட்டுத்திரையின் வடிவம் வேறு, தகட்டின் வடிவம் வேறு. நிறம் தகட்டைக் கேட்காமல்தான் வந்து உட்கார்ந்தது. 1950களில் ரெட்டியும், பம்பாயிலிருந்து வந்திருந்த கைகோ மோத்தியும், ஹேய்ட்டரும், பட்டறையின் மற்றவர்களும் சேர்ந்து கண்டடைந்த முறை இந்த இடைவெளியை மூடியது. பட்டறைகளில் இன்று அதை 'விஸ்காசிட்டி' என்று சுருக்கமாகச் சொல்வார்கள். மையின் பாகுநிலையை வைத்து அச்சிடுவது.

முறையை எழுத்தில் சொல்லிவிடலாம். தகட்டை வெவ்வேறு ஆழத்துக்கு அரிக்கிறார்கள், செதுக்குகிறார்கள். மிக ஆழமான கோடுகளில் முதலில் மையைத் தேய்த்து, கஞ்சி போட்ட சல்லாத்துணியால் மேற்பரப்பைத் துடைக்கிறார்கள். அடுத்து, ஆளிவிதை எண்ணெய் நிறையக் கலந்து இளக்கிய ஒரு நிறம். அதைக் கடினமான உருளையில் ஏற்றித் தகட்டின்மேல் ஓட்டுகிறார்கள். கடினமான உருளை வளைந்து கொடுக்காது, அதனால் மேடுகளை மட்டும் தொட்டுவிட்டுப் போகும். பிறகு எண்ணெய் குறைந்த, இறுகிய வேறொரு நிறம். அதை மென்மையான உருளையில் ஏற்றி அழுத்தி ஓட்டினால், உருளை மெத்தென்று பள்ளத்துக்குள் இறங்கி அங்கே நிறத்தை வைக்கும். போகிற வழியில் மேடுகளையும் தொடத்தான் செய்யும். ஆனால் மேட்டில் இருக்கும் எண்ணெய் மை அதை ஏற்பதில்லை.

ஏன் ஏற்பதில்லை? இரண்டு மைப் படலங்கள் ஒட்டிப் பிரியும்போது, எது இளக்கமோ அது பிளவுபடும். எது இறுக்கமோ அது தன்னோடு சேர்ந்து நிற்கும். இறுகிய மை உருளையில் இருக்கிறது, இளகிய மை தகட்டில் இருக்கிறது. பிரியும் நேரத்தில் கிழிவது இளகியதுதான். இறுகியது ஒரு பொட்டுகூட விட்டுவைக்காமல் தன் உருளையோடு எழுந்து போய்விடும். வரிசையை மாற்றி, இறுகியதை முதலில் வைத்து இளகியதை மேலே ஓட்டினால், இளகியது பிளந்து பாதி தகட்டிலேயே தங்கிவிடும். இரண்டு நிறங்களும் ஒன்றன்மேல் ஒன்று படிந்து மூன்றாவதாக ஒரு நிறம் பிறக்கும். மறுப்பும் இணக்கமும் சில துளி எண்ணெயில் இருக்கின்றன.

சிவகாசியின் ஆஃப்செட் அச்சகங்களும் இதே விதிக்குக் கட்டுப்பட்டவைதான். நாலு நிறமும் ஈரத்தோடு ஈரமாக ஏற வேண்டியிருப்பதால், அங்கே முதல் மை அதிகப் பிசுபிசுப்போடும், அடுத்தடுத்து வருவது சற்றுக் குறைவாகவும் இருக்கும்படி பார்த்துக்கொள்கிறார்கள். அப்போதுதான் பின்னால் வருவது முன்னால் வந்ததன்மேல் படியும். தொழிலுக்கு வேண்டியது இணக்கம். ரெட்டியும் நண்பர்களும் அதே விதியைத் தலைகீழாகத் திருப்பி, மறுப்பைத் தங்களுக்கு வேண்டியதாக்கிக்கொண்டார்கள். ஒரு தொழிற்சாலையில் பழுது என்று கழிக்கப்படுவதைக் கலைஞர்கள் மொழியாக மாற்றிக்கொண்ட இடங்களில் இது மிக நேர்த்தியானது என்பேன்.

ஏட்டில் இது எளிது. மேசையில் எளிதல்ல. உருளையின் சுற்றளவு தகட்டின் நீளத்துக்குக் குறைந்தால், உருளை இரண்டாவது சுற்றைத் தொடங்கும் இடத்தில் ஒரு தழும்பு விழும். அதனால் 45 செ.மீ. தகட்டுக்கு ஏறத்தாழ 15 செ.மீ. விட்டமுள்ள, கனத்த உருளை வேண்டும். வெயில் ஏறினால் மை தானாக இளகிவிடும். காலையில் மறுத்த நிறம் மதியம் இணங்கிப்போகும். கண்ணாடிப் பலகையில் உருளை மையைத் தொட்டு எழும்போது ஒரு 'சிர்ர்' என்ற ஒலி கேட்கும். மை இறுக இறுக அந்த ஒலி மாறுவதைக் காதால் கண்டுகொள்கிறார்கள் அச்சாளர்கள். அளவுக்கருவிகள் உண்டு என்றாலும், கத்தியால் மையை அள்ளித் தூக்கிப் பிடித்து, அது கீழே இறங்கும் வேகத்தைப் பார்க்கும் கண்ணையே அவர்கள் பெரிதும் நம்புகிறார்கள். சென்னை கிரீம்ஸ் சாலையில் லலித் கலா அகாதமியின் அச்சுக்கூடம் போன்ற இடங்களில் மேசையோரம் சற்று நேரம் நின்றால் இந்த ஒலியும் எண்ணெய் வாடையும் பழகிவிடும்.

இந்த முறையைக் கற்றவர்கள் உலகெங்கும் பலர். பலருடைய படங்களில் அது ஒரு வித்தையாக நின்றுவிடுகிறது. எங்கு பார்த்தாலும் வானவில். ரெட்டியிடம் மட்டும் அது சிந்தனையாக மாறியது எப்படி என்பதுதான் என்னைத் திரும்பத் திரும்ப அந்தப் படங்களிடம் இழுக்கிறது. சிற்பி என்பதில் அதன் விடை இருக்கிறது. இந்த முறையில் ஆழம்தான் நிறம். எவ்வளவு குடைகிறோமோ அதற்கேற்ற உருளை வந்து, அதற்கேற்ற நிறத்தை வைத்துவிட்டுப் போகும். நிறத்தைத் தேர்ந்து வைக்க முடியாது, பள்ளத்தை வெட்டி நிறத்தை அழைக்கத்தான் முடியும். சரிவாக வெட்டினால் நிறம் மெல்ல மாறும். செங்குத்தாக வெட்டினால் சட்டென்று முறியும். ஓவியனுக்கு இது கைகளைக் கட்டிப்போட்டதுபோல் இருக்கும். சிற்பிக்கோ தன் தாய்மொழியில் நிறம் பேச ஆரம்பித்ததுபோல் இருந்திருக்கும். அவர் தகட்டை அமிலத்தால் மட்டும் அரிக்கவில்லை. செதுக்குளி, சுரண்டி, இயந்திரக் கருவிகள் எல்லாவற்றாலும் குடைந்தார். அவருடைய தகட்டைத் தனியாகக் காட்சிக்கு வைத்தாலும் அது ஒரு தாழ்புடைப்புச் சிற்பம்.

'நீர்ச்சுழி' (1963) என்ற படத்தை எடுத்துக்கொள்வோம். நீலம் மேலோங்கிய படம். தள்ளி நின்று பார்த்தால் ஒரு பெருஞ்சுழற்சி, அவ்வளவுதான். கிட்டே போனால் அது கோடுகளின் வலை. குறுக்கும் நெடுக்குமாக ஓடும் நுண்கோடுகள் சுழியின் கண்ணை நோக்கி இழுபட்டு, வளைந்து, நெருங்குகின்றன. இன்னும் கிட்டே போனால் கோடு என்று நினைத்தது ஒரு கரை என்று தெரிகிறது. அதன் ஒரு பக்கம் ஒரு நிறம், மறுபக்கம் வேறொரு நிறம். மேட்டில் ஒன்று, சரிவில் அதன் சாயல், அடியில் முற்றிலும் வேறு. ஆற்றில் சுழியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அதற்கென்று தனியாக ஒரு நிறம் கிடையாது. வானத்தின் வெளிச்சம் ஒரு மடிப்பில், மணலின் நிறம் ஒரு மடிப்பில், ஆழத்தின் இருட்டு ஒரு மடிப்பில். நீரின் சாய்மானம் எந்த நிறத்தை வாங்கிக் காட்டும் என்று முடிவு செய்கிறது. தகட்டிலும் சாய்மானமே முடிவு செய்கிறது. நீர் நடந்துகொள்ளும் விதமும் மை நடந்துகொள்ளும் விதமும் இங்கே ஒன்றாகிவிட்டன. நீர்ச்சுழியைப் பார்த்து வரைந்த படம் என்று இதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எண்ணெயும் இறுக்கமும் ஆழமும் சேர்ந்து, தகட்டில் ஒரு சுழி நிகழ்ந்திருக்கிறது.

இதில் நான் மிகவும் வியப்பது ஒரு சிறு விஷயம். அந்த வலைக் கோடுகள் எவ்வளவு வளைந்தாலும் அறுவதில்லை. சுழியின் வேகத்தைக் காட்ட வேண்டுமென்றால் எளிய வழி, கோடுகளைச் சிதறடிப்பது. ரெட்டி அதைச் செய்யவில்லை. ஒவ்வொரு கோடும் பக்கத்துக் கோட்டின் இழுப்பைத் தாங்கி, தானும் இழுபட்டு, அடுத்ததற்குக் கடத்துகிறது. வேகம் கோட்டில் இல்லை, கோடுகளுக்கு இடையே மாறிக்கொண்டிருக்கும் தூரத்தில் இருக்கிறது. அந்தத் தூரம் குறையும்போது நிறப்புள்ளிகளும் நெருங்கி, நம் கண்ணுக்குள் கலக்கின்றன. தாளில் கலக்காத நிறங்கள் கண்ணில் கலந்து, தகட்டில் எங்கும் இல்லாத ஓர் ஒளியைத் தருகின்றன. மை மறுத்ததைக் கண் சேர்த்துக்கொள்கிறது.

அவர் எடுத்துக்கொண்ட பொருள்களின் பட்டியலைப் பார்த்தால் ஓர் ஒழுங்கு தெரிகிறது. 1952இல் மீன், பூச்சி. 1955இல் சொறிமீன். பிறகு அலை, சுழி, நீரல்லி, முளைவிடும் வித்து. உள்ளே இருக்கும் ஒரு விசை வெளியே உருவாக வந்து நிற்பவை இவை எல்லாம். புற எல்லையை வரைந்து உள்ளே வண்ணம் நிரப்பினால் இவை செத்துப்போகும். ஆழத்திலிருந்து நிறம் எழும் ஒரு முறை கையில் இருந்ததால் இவற்றைத் தேடிப் போனாரா, இவற்றின்மேல் இருந்த மோகத்தால் அந்த முறையை விடாமல் தோண்டினாரா என்று பிரித்துச் சொல்ல முடியாது. சாந்திநிகேதனில் இயற்கையைக் கூர்ந்து பார்த்து வரையப் பழக்கியிருந்தார்கள். இலையின் வெளிக்கோட்டுக்கு முன்னால் அது வளரும் திசையைப் பார்ப்பது அந்தப் பள்ளியின் பாடம். அதன் நெடிய பின்விளைவை பாரிஸில் ஒரு துத்தநாகத் தகட்டில் காண்கிறோம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

1968இல் பாரிஸ் தெருக்களில் மாணவர்கள் இறங்கினார்கள். அந்த ஆண்டின் 'ஆர்ப்பாட்டக்காரர்கள்' என்ற படத்தில் அலைக்கும் சுழிக்கும் பழகிய அதே கை மனிதர்களிடம் திரும்புகிறது. நிமிர்ந்து நீண்ட உருவங்கள். முகம் இல்லை, கொடி இல்லை, வாசகம் இல்லை. நிற்பதன் முறுக்கு மட்டும் இருக்கிறது. இங்கே குடைவுகள் நெட்டுக்குத்தாக ஓடுகின்றன. உடல்களுக்கு இடையிலான பள்ளங்கள் உடல்களைப் பிரிக்கவும் செய்கின்றன, நிறத்தால் இணைக்கவும் செய்கின்றன. ஒருவன் தோளில் முடியும் நிறம் அடுத்தவன் விலாவில் தொடர்கிறது. கூட்டம் என்பது தனித்தனி ஆட்களின் கூட்டுத்தொகை இல்லை என்பதை இதைவிடக் குறைந்த சாதனங்களால் சொல்லியவர் யாரும் எனக்கு நினைவுக்கு வரவில்லை. மேடைப் பிரசங்கத்துக்கு மிக எளிதாக இடம் கொடுத்திருக்கக்கூடிய ஒரு பொருளை, பொருளின் இயல்புக்குள்ளேயே நிறுத்திவைத்த அடக்கம் பெரியது.

பின்னாளில் நியூயார்க்கில் குடியேறியபின், 1980களில் அவரை ஆட்கொண்டது 'பெரும் கோமாளி' வரிசை. சர்க்கஸ் வளையம், அதன் நடுவே கோமாளி, வட்டவட்டமாகப் பரவும் கோடுகள். ஒரே தகட்டை எடுத்துக்கொண்டு மையின் இளக்கத்தையும் வரிசையையும் நிறத்தையும் மாற்றி மாற்றி எத்தனையோ வகைகளில் அச்சிட்டார். ஒரு ராகத்தை எடுத்துக்கொண்டு விடிய விடிய விரித்துப் பாடுபவரின் ஈடுபாடு அது. சிலவற்றில் கோமாளி வெளிச்சத்தில் கரைகிறான், சிலவற்றில் வளையத்தின் இருட்டு அவனை விழுங்குகிறது. எல்லா வகைகளும் எனக்கு ஒரே தரமாகப் படவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். நிறங்கள் மிகுந்து ஒன்றோடொன்று போட்டி போடும் சிலவற்றில், தகட்டின் குடைவுகள் சொல்வதை நிறத்தின் ஆரவாரம் மூடிவிடுகிறது. நிறம் குறைந்து, ஏறக்குறைய சாம்பலும் மண்ணுமாக வந்தவற்றில்தான் அந்தக் கோமாளியின் தனிமை எட்டுகிறது. ஆனால் குறைந்ததன் அருமையைக் காண மிகுந்ததையும் அச்சிட்டுப் பார்த்தாக வேண்டும். அதற்கு அவர் தயங்கவில்லை என்பதே அந்த வரிசையின் பெருமை.

இவ்வளவையும் அவர் மறைத்து வைத்துக்கொள்ளவில்லை. 1988இல் வெளிவந்த அவருடைய நூலில் உருளையின் கடினம், எண்ணெயின் அளவு, அரிப்பின் படிகள் எல்லாவற்றையும் திறந்து வைத்தார். பொருட்களும் வழிமுறைகளும் என்ன பொருள் தருகின்றன என்பதையே அந்த நூலின் துணைத்தலைப்பு பேசுகிறது. பாரிஸில் ஹேய்ட்டரோடும், பிறகு நியூயார்க் பல்கலைக்கழகத்திலும் பல நாட்டு மாணவர்களுக்குக் கற்றுக்கொடுத்தார். 2018இல் நியூயார்க்கில் காலமானார்.

ஹேய்ட்டரின் பாரிஸ் பட்டறையில் 1960களில் பயின்றவர்களில் ஒருவர் அலிகரில் பிறந்த ஸரீனா. 2016இல் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் ஹேய்ட்டர், ரெட்டி, ஸரீனா மூவரையும் ஒரே கண்காட்சியில் சேர்த்து வைத்தது. ரெட்டியின் நிறக்கொந்தளிப்புக்கும் ஸரீனாவின் கறுப்பு வெள்ளைக்கும் என்ன உறவு என்று முதலில் தோன்றும். ஸரீனா மரக்கட்டையை வெட்டினார், தாளை ஊசியால் குத்தினார், காகிதக்கூழை அச்சில் வார்த்தார். நிறத்தை ஏறக்குறைய விட்டே விட்டார். ஆனால் தாளுக்கு ஒரு கனம் உண்டு, அதைக் குத்தினால் அது பதில் சொல்லும் என்ற நம்பிக்கை இருவருக்கும் பொது. அத்லியே 17 கற்பித்தது அதைத்தான். உருளைகளைப் பற்றிய பாடம் அதன் ஒரு பகுதி.

ரெட்டியின் அசல் அச்சு ஒன்றைப் பார்க்க வாய்த்தால் ஒன்று செய்யுங்கள். நேரே நின்று பார்த்தபின், சற்றுப் பக்கவாட்டில் நகர்ந்து, விளக்கு தாளின்மேல் சாய்ந்து விழும் கோணத்தில் பாருங்கள். தகட்டில் பள்ளமாக இருந்தது எல்லாம் தாளில் மேடாக எழுந்து நிற்கும். ஈரத்தாளை அழுத்துபொறி அந்தப் பள்ளங்களுக்குள் திணித்து எடுத்ததன் விளைவு அது. மிக ஆழமாகக் குடைந்து, எந்த உருளையும் எட்டாமல், மையே படாமல் விட்ட இடங்கள் வெள்ளையாகப் புடைத்திருக்கும். அச்சுப்படங்களை நூலிலோ திரையிலோ பார்ப்பவர்களுக்கு இந்தப் புடைப்பு கிடைக்காது. நிறம் வந்துவிடும், அந்த நிறத்தை அங்கே வரவழைத்த ஆழம் வராது.